குண்ட்ரெட் யார் மகள்? கம்ப்யூட்டரில் ஒரு வம்சாவளித் தேடல்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. படம் பார்த்து, பாட்டு கேட்டு, மெயில் அனுப்பி அலுத்த பிறகு, "இதை வைத்துக் கொண்டு வேறு என்னதான் செய்வது?" என்ற கேள்வி பல வீடுகளில் எழும். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் பொழுதுபோக்கு வம்சாவளி தேடுவது. செலவு இல்லை. மூளைக்கும் வேலை. போகிற போக்கில் பைல், டேட்டாபேஸ், பேக்கப் எல்லாம் தானாகப் பழகிவிடும்.

சொந்தக் குடும்பத்திலிருந்தே தொடங்கலாமே என்பீர்கள். தொடங்கலாம். ஆனால் நம் குடும்பத் தகவல்களில் பெரும்பகுதி தாத்தா பாட்டிகளின் நினைவில் இருக்கிறது. அதைச் சேகரிக்க ஊர் ஊராகப் போக வேண்டும். நாற்காலியை விட்டு எழாமல் முறையைக் கற்றுக் கொள்ள வேண்டுமானால், ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் கிடைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வது நல்லது. இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக் கொண்டது இங்கிலாந்தின் வாரென் குடும்பம். எல்லோரும் இறந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால், யாருடைய அந்தரங்கமும் கெடாது!

யார் இவர்கள்?

பிரான்ஸ் நாட்டின் வட பகுதியில் நார்மண்டி என்று ஒரு பிரதேசம். அதன் பிரபு வில்லியம் 1066-ல் படையுடன் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னர் ஹெரால்டைத் தோற்கடித்து, தானே மன்னராக முடிசூட்டிக் கொண்டார். கூட வந்த தளபதிகளுக்கு இங்கிலாந்தின் நிலங்களைப் பிரித்துக் கொடுத்தார். அப்படி நிலம் பெற்று அங்கேயே தங்கியவர்களின் வாரிசுகளைத்தான் ஆங்கிலோ-நார்மன் குடும்பங்கள் என்கிறோம். அவர்களில் ஒருவர் வில்லியம் டி வாரென். 'டி' என்றால் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். நார்மண்டியில் ஓடும் வரேன் என்ற சிற்றாற்றின் பெயர்தான் இவர்கள் குடும்பப் பெயரானது.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம்

இங்கிலாந்தில் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணை 1538-ல்தான் வந்தது. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837-ல் தொடங்கியது. அப்படியானால் 11-ம் நூற்றாண்டுக்காரரின் அப்பா யார், பிள்ளை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலம்தான் வழி. நிலம் கை மாறும் போதெல்லாம் யாராவது எழுதி வைத்தார்கள். மகன் பட்டத்துக்கு வந்தால் மன்னருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அது கணக்கில் ஏறும். மகளுக்குச் சீதனமாக நிலம் கொடுத்தால் பத்திரம். மடத்துக்கு நிலம் தானம் செய்தால், பின்னாளில் பங்காளிகள் சண்டைக்கு வராதபடி மனைவி, மகன், சகோதரன் எல்லோருடைய சம்மதத்தையும் பெயரோடு எழுதிக் கொள்வார்கள். 13-ம் நூற்றாண்டு முதல், பெரிய நிலக்காரர் ஒருவர் இறந்தால் அதிகாரிகள் விசாரணை நடத்தி, வாரிசின் பெயரையும் வயதையும் குறித்து வைத்தார்கள். ஆக, நிலமில்லாத ஏழையின் வம்சாவளி அந்தக் காலத்தில் தொலைந்தே போயிற்று. நிலக்காரர்களுக்குத்தான் இந்த வசதி.

இந்த ஆவணங்களின் தலைவாசல் டூம்ஸ்டே புத்தகம். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் மன்னர் ஆணையிட, 1086-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். எந்த ஊர், 1066-ல் யாருடையது, இப்போது யாருடையது, எத்தனை குடிகள், எத்தனை ஏர், என்ன மதிப்பு என்று 13,000-க்கும் மேற்பட்ட ஊர்களின் விவரம் அதில் இருக்கிறது. மூலப் புத்தகம் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. நாம் அங்கே போக வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்து ஓபன்டூம்ஸ்டே டாட் ஆர்க் என்ற முகவரிக்குப் போங்கள். ஹல் பல்கலைக்கழகத்தினர் தொகுத்த டேட்டாவை வைத்து 2011-ல் தொடங்கிய இலவச தளம் இது.

அதில் தேடும் கட்டத்தில் கோனிஸ்பரோ என்ற ஊரின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரைபடத்துடன் அந்த ஊரின் பக்கம் வரும். 1066-ல் ஊரின் உடைமையாளர் ஹெரால்ட். போரில் தோற்று மடிந்த அதே மன்னர்தான். 1086-ல் வில்லியம் டி வாரென். ஒரே பக்கத்தில் ஒரு நாட்டின் கதை. மூலப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துப் படத்தையும் பார்க்கலாம். லத்தீன் படிக்க வராவிட்டாலும், 900 ஆண்டுகளுக்கு முந்தைய கையெழுத்தை நம் மானிட்டரில் பார்ப்பது தனி சுகம். வாரெனின் பெயர் மீது கிளிக் செய்தால் அவருக்கு இருந்த மற்ற ஊர்களின் பட்டியல் வரும். பட்டியல் நீளமாக இருக்கும், பொறுமையாகப் பாருங்கள்.

சாப்ட்வேர் தயாரா?

கிடைத்த தகவல்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் பத்துப் பேருக்கு மேல் குழம்பிவிடும். இதற்கென்று உள்ள புரோகிராம்களில் நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ். ஓப்பன் சோர்ஸ் என்பதால் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். கிராம்ப்ஸ்-புராஜெக்ட் டாட் ஆர்க் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம்.

முதலில் வில்லியமை ஒரு நபராகச் சேருங்கள். இறப்பு 1088 ஜூன் 24. பிறப்புத் தேதி தெரியாது. தெரியாததை வெற்றாக விடுங்கள். சில தளங்களில் அவருக்கு நாள், மாதம் வரை பிறந்த தேதி போட்டிருப்பார்கள். அந்த நூற்றாண்டில் ஒரு குழந்தை பிறந்த நாளை யாரும் எழுதி வைப்பது அபூர்வம். அரச குடும்பத்துக்கே பல சமயம் அது கிடையாது. எனவே அப்படித் துல்லியமான தேதியைப் பார்த்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

சிலர், "எனக்கு எக்ஸெல் தெரியும், அதிலேயே பட்டியல் போட்டுக் கொள்கிறேன்" என்பார்கள். அதில் ஒரு சிக்கல். எக்ஸெல்லுக்குக் காலம் 1900-ல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய தேதியைக் கொடுத்தால் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக் கொள்ளும். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்து வயது பார்க்க முயன்றால் பிழைச் செய்திதான் வரும். கிராம்ப்ஸில் 'இதற்கு முன்', 'இதற்குப் பின்', 'ஏறத்தாழ', 'இவ்விரண்டுக்கும் நடுவில்' என்றெல்லாம் தேதி கொடுக்கலாம். இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் காலண்டரைத்தான் பின்பற்றியது. அந்தக் காலண்டரையும் அதில் தேர்வு செய்யலாம்.

பெயர்த் தேடலிலும் ஒரு குழி உண்டு. வாரென் என்பதையே பழைய எழுத்தர்கள் வரேன் என்றும், காரென் என்றும், லத்தீனில் வாரென்னா என்றும் எழுதுவார்கள். ஒலி ஒத்த பெயர்களைத் தேட சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, மற்ற மெய்யெழுத்துகளை எண்ணாக மாற்றும். வாரென், வரேன், காரென் மூன்றுக்கும் எண் 650தான். ஆனால் ஆங்கிலத்தில் மூன்றின் முதல் எழுத்தும் வேறு வேறு என்பதால், ஒன்றைத் தேடினால் மற்றது வராது! கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காமல் மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்

வில்லியமின் மனைவி பெயர் குண்ட்ரெட். 1085 மே 27-ல் நார்ஃபோக் பகுதியில் உள்ள காசில் ஏக்கர் என்ற ஊரில் பிரசவத்தின் போது இறந்தார். இருவரும் சேர்ந்து நிறுவிய லூயிஸ் மடத்தில் அடக்கம் செய்தார்கள். மடம் பிற்காலத்தில் இடிந்து போயிற்று. 1845-ல் அந்த இடிபாடுகளின் ஊடே ரயில் பாதை போடத் தோண்டிய போது இரண்டு ஈயப் பெட்டிகள் கிடைத்தன. மூடியில் வில்லியம், குண்ட்ரெட் என்று பெயர், உள்ளே எலும்புகள். இன்று அவை அருகே சவுத்ஓவர் தேவாலயத்தில் இருக்கின்றன.

எனவே குண்ட்ரெட் இருந்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் யார் மகள்?

இணையத்தில் பலர் ஏற்றி வைத்துள்ள குடும்ப மரங்களில் தேடிப் பாருங்கள். "தந்தை: மன்னர் வில்லியம். தாய்: அரசி மட்டில்டா" என்று பல இடங்களில் வரும். ஒருவர் போட்டதை அடுத்தவர் காப்பி செய்து, அவரிடமிருந்து இன்னொருவர் காப்பி செய்து... நூறு தளங்களில் இருப்பதால் அது நூறு சாட்சி ஆகிவிடாது. நூறுக்கும் மூலம் ஒன்றுதான்.

அந்த மூலம் லூயிஸ் மடத்தின் ஆவணத் தொகுப்பில் உள்ள அடிக்கல் சாசனத்தின் பிரதி. அதில் அரசி மட்டில்டாவைத் தன் மனைவியின் தாய் என்று வாரென் குறிப்பிடுவது போல் உள்ளது. ஆனால் அது அசல் அல்ல. மடத்தார் பிற்காலத்தில் எழுதி வைத்துக் கொண்டது. நிறுவியவர் ராஜகுமாரி என்றால் மடத்துக்குக் கௌரவம்தானே!

எதிர்ப் பக்கத்தில், குண்ட்ரெட் இறந்த காலத்தில் சிறுவனாக இருந்து பிறகு நார்மண்டியில் துறவியான ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற வரலாற்றாசிரியர், குண்ட்ரெட்டை கெர்போட் என்பவரின் சகோதரி என்கிறார். கெர்போட் ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர். சிறிது காலம் செஸ்டர் பகுதிக்குப் பிரபுவாக இருந்தவர். கெர்போடை மன்னரின் மகன் என்று எவரும் சொன்னதில்லை.

ஒருவர் இப்படி, ஒருவர் அப்படி. யாரை நம்புவது? இங்கேதான் மூன்றாவது ஆவணம் ஒன்று கை கொடுக்கிறது. வம்சாவளி எழுதும் நோக்கமே அதற்கு இல்லை. அதனால்தான் எனக்கு அதன் மேல் மதிப்பு.

குண்ட்ரெட்டின் மகன் பெயரும் வில்லியம். அவருக்குத் தன் மகளை (முறையான மனைவிக்குப் பிறக்காத ஒரு பெண்ணை) கட்டி வைக்க மன்னர் முதலாம் ஹென்றி நினைத்தார். ஹென்றி யார்? 1066-ல் வந்த மன்னர் வில்லியமின் மகன். கேன்டர்பரி பேராயர் ஆன்செல்மிடம் கருத்துக் கேட்டார்கள். கூடாது என்று அவர் பதில் கடிதம் எழுதினார். காரணம் உறவுமுறை: ஒரு பக்கம் நான்காம் தலைமுறையிலும் மறு பக்கம் ஆறாம் தலைமுறையிலும் இருவருக்கும் பொது முன்னோர். ஏழு தலைமுறைக்குள் உறவிருந்தால் மணக்கக் கூடாது என்பது அப்போதைய சர்ச் சட்டம். (1215-ல்தான் அதை நான்காகக் குறைத்தார்கள்.)

இப்போது யோசியுங்கள். குண்ட்ரெட் மன்னர் வில்லியமின் மகள் என்றால், ஹென்றி அவருடைய உடன்பிறந்த தம்பி. அப்படியானால் குண்ட்ரெட்டின் மகனுக்கு ஹென்றி தாய்மாமன். பெண் மாமன் மகள். நம் ஊராக இருந்தால், "முறைப்பெண்தானே, தட்டை மாற்றுங்கள்" என்று முடித்திருப்பார்கள். சர்ச் சட்டத்தில் அது முதல் நெருக்கத் தடை. சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு பெரிய தடை கண் முன்னே இருக்க, பேராயர் ஏன் நான்கு, ஆறு என்று எண்ணிக் கொண்டிருக்கப் போகிறார்? குண்ட்ரெட் மட்டில்டாவுக்கு வேறு கணவர் மூலம் பிறந்தவர் என்று சிலர் சமாளித்துப் பார்த்தார்கள். அப்போதும் ஹென்றி தாய் வழித் தம்பிதான், அதே தடைதான். ஆங்கில வரலாற்றாசிரியர் ஃபிரீமன் 1888-ல் இந்தப் பிரச்சினையை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இன்று ஆய்வாளர்கள் குண்ட்ரெட்டை மன்னர் மகளாக ஏற்பதில்லை.

இதைப் படித்தால் போதாது, செய்து பாருங்கள். கிராம்ப்ஸில் உங்கள் மரத்துக்கு ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். அதில் குண்ட்ரெட்டை மன்னர் வில்லியமின் மகளாகச் சேருங்கள். ஹென்றியின் கீழே பெயரில்லாத ஒரு மகளைச் சேருங்கள். டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப் கால்குலேட்டர் என்று இருக்கும். இளைய வில்லியமையும் அந்தப் பெண்ணையும் தேர்வு செய்தால், முதல் நிலை கசின் என்று விடை வரும்.

இனி அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். பேராயரின் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நார்மண்டிப் பிரபு முதலாம் ரிச்சர்டின் மனைவி கன்னோர். அவருடைய சகோதரிகளின் வழிவந்த பல குடும்பங்களில் வாரென் குடும்பமும் ஒன்று என்று 12-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஆஃப் டோரினி என்ற மடாதிபதி எழுதியிருக்கிறார். கன்னோரின் பெற்றோரைப் பெயரில்லாத இருவராகப் போட்டு, அவர்களிலிருந்து எண்ணுங்கள். கன்னோர் ஒன்று, மகன் இரண்டாம் ரிச்சர்ட் இரண்டு, அவர் மகன் ராபர்ட் மூன்று, மன்னர் வில்லியம் நான்கு, ஹென்றி ஐந்து, மகள் ஆறு. ஆறு சரியாக வந்துவிட்டது! மறுபக்கம் கன்னோரின் சகோதரி ஒன்று, அவர் மகள் இரண்டு, மூத்த வாரென் மூன்று, இளைய வாரென் நான்கு. அதுவும் பொருந்துகிறது. கால்குலேட்டரை மறுபடி ஓட்டினால், மூன்றாம் நிலை கசின், இரண்டு தலைமுறை தள்ளி என்று காட்டும்.

ஆனால் இந்த இரண்டாவது கிளையில் நடுவே நிற்கும் பெண்கள் யார் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. கணக்கு பொருந்துவது வேறு, ஆள் நிரூபணமாவது வேறு. கிராம்ப்ஸில் ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் சேர்க்கும் போது, அது எவ்வளவு நம்பகமானது என்று 'வெரி லோ' முதல் 'வெரி ஹை' வரை ஐந்து படிகளில் குறிக்கலாம். கெர்போட் சகோதரி என்பதற்கு 'ஹை' கொடுங்கள். கன்னோர் கிளைக்கு 'லோ'. பிற்காலச் சாசனப் பிரதிக்கு 'வெரி லோ'. அதை அழிக்க வேண்டாம், குறிப்பாக வைத்திருங்கள். நாளை யாராவது, "மன்னர் மகள் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

நெபோஸ் என்றால் யார்?

லத்தீன் ஆவணங்களில் நெபோஸ் என்ற சொல் அடிக்கடி வரும். பேரன் என்றும் பொருள், சகோதர சகோதரிகளின் மகன் என்றும் பொருள். பெண்ணென்றால் நெப்டிஸ். நாம் சிரிக்க வேண்டியதில்லை. மருமகன் என்ற நம் சொல் மகளின் கணவரையும் குறிக்கிறது, உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கிறது. தமிழர் ஒருவருக்கு அது எந்த மருமகன் என்று இடம் பார்த்துப் புரியும். இரண்டு உறவுக்கும் ஒரே சொல்லைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேகத்தில்தான் ஒரு தலைமுறை கூடியோ குறைந்தோ போகிறது. சொல்லை அப்படியே நோட்ஸ் பகுதியில் எழுதிவிட்டு, உறவை அடுத்த ஆவணம் கிடைக்கும் வரை நிறுத்தி வையுங்கள்.

மகள் வழியில் தொடர்ந்த பெயர்

இளைய வில்லியம் 1138-ல் இறந்தார். அவர் மகன் மூன்றாம் வில்லியம் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போய், 1148-ல் ஆசியா மைனரில் மாண்டார். ஆண் வாரிசு இல்லை; ஒரே மகள் இசபெல். அத்தனை நிலமும் அவருக்கு. இவ்வளவு சொத்துள்ள பெண்ணை மன்னர்கள் சும்மா விடுவார்களா? முதலில் மன்னர் ஸ்டீபனின் மகனுக்கு மணமுடித்தார்கள். அவர் 1159-ல் இறந்ததும், அடுத்த மன்னர் இரண்டாம் ஹென்றி தன் தந்தையின் இன்னொரு மகனான ஹாமலினுக்கு 1164-ல் மணமுடித்தார். ஹாமலின் மனைவியின் குடும்பப் பெயரையே எடுத்துக் கொண்டார். கோனிஸ்பரோவில் இன்றும் நிற்கும் உயரமான கோட்டைக் கோபுரம் அவர் கட்டியது.

எனவே பிற்கால வாரென் பிரபுக்கள் தந்தை வழியில் வாரென்களே அல்ல. பெயர் நிலத்தோடு வந்தது. கிராம்ப்ஸில் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று குறிக்கும் இடத்தில் 'தாய் வழி', 'ஊர்ப்பெயர்' என்பவற்றோடு 'நிலவுடைமை' என்ற பொருளில் 'ஃபியூடல்' என்றும் ஒரு தேர்வு உண்டு. ஹாமலினின் பிள்ளைகளுக்கு அதைப் போட்டு வையுங்கள்.

கடைசிப் பிரபு ஜான் 1347-ல் முறையான பிள்ளை இல்லாமல் இறந்தார். தெற்கே இருந்த நிலங்கள் அவர் சகோதரி மகன் அரண்டெல் பிரபுவுக்குப் போயின. ஆனாலும் ஆசை விடவில்லை. 1782-ல் ஜான் வாட்சன் என்ற பாதிரியார் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பாய்ன்டன் என்ற ஊரின் சர் ஜார்ஜ் வாரென் அந்தப் பழைய பிரபுக்களின் நேர் வாரிசு என்று காட்டுவது அவர் நோக்கம். முடிவை முதலில் வைத்துக் கொண்டு மரம் வரைவது இன்டர்நெட் காலத்து வியாதி மட்டும் அல்ல.

பேக்கப் எடுத்தீர்களா?

இத்தனை உழைப்பும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கக் கூடாது. வம்சாவளி புரோகிராம்களுக்கிடையே டேட்டா பரிமாற ஜெட்காம் என்ற வடிவம் உள்ளது. 1984-ல் வந்தது. வெறும் எழுத்துப் பைல்தான். நோட்பேடில் திறந்தாலே ஒவ்வொரு வரியும் 0, 1, 2 என்ற எண்ணோடு தொடங்குவதைக் காணலாம். எனவே கிராம்ப்ஸ் நாளை இல்லாமல் போனாலும் உங்கள் டேட்டா பிழைக்கும். எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். இதே முறையில் பிறகு உங்கள் சொந்தக் குடும்பத்தைச் சேர்த்து யாருக்காவது அனுப்பும் போது, உயிருடன் இருப்பவர்களின் விவரங்களை நீக்கும் வசதியை டிக் செய்ய மறக்காதீர்கள்.

டூம்ஸ்டே புத்தகத்தின் 900-வது ஆண்டைக் கொண்டாட 1986-ல் பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டே தயாரித்தது. படங்களும் வரைபடங்களுமாக, லேசர் டிஸ்க் என்ற பெரிய தட்டில். பதினைந்து ஆண்டுகளில் அந்த டிஸ்க்கைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. 2002-ல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டர் எழுதி அதை மீட்க வேண்டியிருந்தது. 1086-ல் ஆட்டுத் தோலில் எழுதியதை அந்த நாளிலும் புரட்டிப் படிக்க முடிந்தது.

வாரென் மரம் முடிந்ததும் அடுத்த பயிற்சிக்கு ஒரு யோசனை. ஹாமலினின் மகன் வில்லியம் (இறப்பு 1240) மணந்தது மவுட் மார்ஷல் என்ற பெண்ணை. அவருக்கு ஐந்து சகோதரர்கள், ஐவரும் 1245-க்குள் முறையான வாரிசு இன்றி இறந்தார்கள். நிலம் ஐந்து சகோதரிகளின் வழியில் பிரிந்தது. கிராம்ப்ஸில் அந்தக் குடும்பத்தைப் போட உட்காரும் முன் பெரிய தாள் ஒன்றும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.